கலர் ஸ்கேன் என்கிற டாப்ளர்: கர்ப்பப்பையின் ரத்த ஓட்டத்தைப் பார்ப்பது எப்படி, புரிந்துகொள்வது எப்படி

ராயபுரத்தில் நான் ஸ்கேன் பார்க்கும் அறைக்கு வரும் சீட்டுகள் பலவற்றில் ‘டாப்ளர்’ என்று ஒரே ஒரு சொல்தான் எழுதியிருக்கும். எதற்காக என்று இருக்காது. கொண்டு வருபவருக்கும் தெரியாது. “கலர் ஸ்கேன் எடுத்துட்டு வரச் சொன்னாங்க” என்பார். கர்ப்பப்பை, சினைப்பை, வயிற்றில் வளரும் குழந்தை இவற்றில் ரத்தம் எப்படி ஓடுகிறது என்று பார்க்கிற இந்தப் பரிசோதனை, கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொல்லும். கேள்வி இல்லாமல் பார்த்தால் சிவப்பும் நீலமுமாக ஒரு படம் கிடைக்கும், அவ்வளவுதான்.

பரிசோதனைக்குப் போகிற பெண்கள், கூட வருகிற அம்மா, மாமியார், கணவர், இப்போதுதான் ப்ரோபை (உடம்பில் வைத்து ஒலியை அனுப்பி வாங்கும் ஸ்கேன் கைக்கருவி) கையில் எடுத்திருக்கும் இளம் மருத்துவர்கள் எல்லாருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். மருத்துவர்களுக்கான நுணுக்கம் வருகிற இடங்களை மற்றவர்கள் தாண்டிப் போகலாம். ஆனால் உங்கள் உடம்பைப் பற்றியதுதானே, படித்துவிட்டே போங்கள்.

ரத்தம் வருகிற வழி

கர்ப்பப்பைக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு கர்ப்பப்பைத் தமனி உண்டு. இடுப்புக்குள் இருக்கும் உட்புறத் தமனியிலிருந்து பிரிந்து, கர்ப்பப்பை வாய்க்குப் பக்கத்தில் வந்து, சிறுநீர்க் குழாயின் மேலாகக் குறுக்கே கடந்து, கர்ப்பப்பையின் விளிம்பை ஒட்டிச் சுருள் சுருளாக மேலே ஏறும். அதிலிருந்து வளைவான கிளைகள், அவற்றிலிருந்து ஆரம் போன்ற கிளைகள், கடைசியில் உள்சவ்வுக்குள் திருகிப் போகும் சுருள் தமனிகள். சினைப்பைக்குத் தனித் தமனி இருக்கிறது. அது எங்கிருந்தோ மேலே, சிறுநீரகத் தமனிக்குச் சற்றுக் கீழே, பெருந்தமனியிலிருந்தே புறப்பட்டு வருகிறது. போதாததற்குக் கர்ப்பப்பைத் தமனியும் ஒரு கிளையைச் சினைப்பைக்கு அனுப்புகிறது. இரண்டு பக்கமிருந்தும் ரத்தம் வருகிறது என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கர்ப்பம் இல்லாதபோது கர்ப்பப்பைக்கு நிமிடத்துக்கு சுமார் 50 மில்லி ரத்தம் போதும். பிரசவ நேரம் நெருங்கும்போது 500 மில்லிக்கு மேல் ஓட வேண்டும். குறுகலாக இருந்த சுருள் தமனிகளுக்குள் நஞ்சுக்கொடியின் செல்கள் புகுந்து, தசைச் சுவரைக் கரைத்து, அகலமான கால்வாயாக மாற்றுவதால்தான் இது நடக்கிறது. இந்த வேலை பாதியில் நின்றால், பின்னால் தாய்க்கு ரத்த அழுத்தம் ஏறும், குழந்தை வளராது. கர்ப்பகால டாப்ளரில் நாம் தேடுவதில் பெரும்பகுதி இதன் தடயம்தான்.

ஒலி எப்படி ஓட்டத்தைப் பார்க்கிறது

ராயபுரம் ரயில் நிலையத்தில் நிற்கிறீர்கள். ஹாரன் அடித்தபடி ஒரு வண்டி நெருங்கி வந்து, உங்களைக் கடந்து போகிறது. வரும்போது சத்தம் கூர்மையாகவும், கடந்ததும் சட்டென்று தணிந்தும் கேட்கும். ஹாரன் மாறவில்லை, ஓட்டுநரும் மாற்றவில்லை. நெருங்கும் ஒலிக்கு அதிர்வெண் கூடும், விலகும் ஒலிக்குக் குறையும். கிறிஸ்டியன் டாப்ளர் 1842-ல் பிராக் நகரில் இதைச் சொன்னார். 1845-ல் நெதர்லாந்தில் பாய்ஸ் பாலட் என்பவர், ஓடும் ரயிலில் எக்காளம் ஊதுபவர்களை ஏற்றி இதைச் சோதித்துப் பார்த்தார். தென்னிந்தியாவின் முதல் ரயில் நிலையமான நம் ராயபுரம் திறந்தது அதற்குப் பிறகு, 1856-ல்.

ஸ்கேனில் ரயிலுக்குப் பதில் ரத்தச் சிவப்பணுக்கள். ப்ரோப் அனுப்பும் ஒலி திசுவுக்குள் நொடிக்கு 1540 மீட்டர் வேகத்தில் போய், ஓடும் அணுக்களில் பட்டுத் திரும்புகிறது. 3 மெகாஹெர்ட்ஸ் ப்ரோபை நோக்கி ரத்தம் நொடிக்கு 50 செ.மீ. வேகத்தில் நேராக வந்தால், அதிர்வெண் மாற்றம் சுமார் 2000 ஹெர்ட்ஸ். அனுப்பிய ஒலி நம் காதுக்கு எட்டாது. இந்த மாற்றம் எட்டும். மெஷினிலிருந்து வரும் ‘உஷ், உஷ்’ சத்தம் அதுதான்.

ரத்தம் ப்ரோபுக்குக் குறுக்காக, சரியாக 90 டிகிரியில் ஓடினால் மாற்றம் பூஜ்ஜியம். ரத்தம் ஓடிக்கொண்டிருக்கும், திரையில் ஒன்றும் தெரியாது. பார்ப்பவரின் கையும் கோணமும் இந்தப் பரிசோதனையில் எவ்வளவு முக்கியம் என்பதற்கு இது ஒன்றே போதும்.

வயிற்று ஸ்கேனின் பூர்விகமே தொழிற்சாலைதான். உலோகத்தில் விரிசல் கண்டுபிடிக்கும் ஒலிக் கருவியை, 1955-ல் கிளாஸ்கோ மகப்பேறு மருத்துவர் இயன் டொனால்ட் ஒரு பாய்லர் கம்பெனியில் வைத்து, அறுவை செய்து எடுத்த கட்டிகளின் மேல் சோதித்துப் பார்த்தார். எண்ணூர், மணலி பக்கம் வெல்டிங்கில் ஓட்டை இருக்கிறதா என்று இதே முறையில் பார்ப்பவர்கள் உண்டு. அப்படிப்பட்ட ஒருவர் மனைவியோடு வந்தால், நான் விளக்குவதற்கு முன்பே அவருக்குப் பாதி புரிந்துவிடும். தொப்புள்கொடியின் ரத்த ஓட்டத்தை டாப்ளரில் பதிவு செய்த ஆய்வு 1977-லும், கர்ப்பப்பைப் பக்கத்து ஓட்டத்தைப் பற்றியது 1983-லும் வந்தன.

படி 1: கேள்வியைக் கேட்டு வாங்குங்கள்

சீட்டு எழுதித் தரும் மருத்துவரிடம் ஒரே ஒரு வாக்கியம் கேளுங்கள்: “இதில் என்ன பார்க்கச் சொல்கிறீர்கள் டாக்டர்?” குழந்தை எடை குறைவா, ரத்த அழுத்தம் ஏறியதா, போன கர்ப்பத்தில் ஏதாவது ஆனதா, வயிற்று வலியா, கட்டியில் ரத்த ஓட்டம் இருக்கிறதா என்று பார்க்கவா? ஒவ்வொன்றுக்கும் நான் பார்க்கும் குழாய் வேறு, மெஷினை வைக்கும் முறை வேறு. பதிலைச் சீட்டிலேயே எழுதச் சொல்லுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

படி 2: சரியான நாள்

கர்ப்பம் இல்லாத பெண்களுக்குக் கர்ப்பப்பை உள்சவ்வையும் சினைப்பைக் கட்டியையும் பார்க்க, மாதவிடாய் முடிந்த உடனே வருகிற நாட்கள் நல்லது. முட்டை வெடித்த பிறகு சினைப்பையில் உருவாகும் மஞ்சள் கோளத்தைச் சுற்றி ரத்தம் நெருப்பு வளையம் போல ஓடும். அது இயற்கை. தெரியாமல் பார்த்தால் கட்டி என்று பயம் வரும். கடுமையான வலி, மயக்கம், அதிக ரத்தப்போக்கு என்றால் நாள் பார்க்காதீர்கள்; உடனே மருத்துவமனை.

கர்ப்பிணிகளுக்கு 11 முதல் 13 வாரம் 6 நாள் வரையிலான ஸ்கேனில் கர்ப்பப்பைத் தமனியையும் பார்க்கலாம். பிறகு 20 முதல் 24 வாரத்தில். அதற்கு மேல், காரணம் இருந்தால்தான். எல்லாம் நன்றாக இருக்கும் கர்ப்பத்தில் மாதாமாதம் டாப்ளர் தேவையில்லை என்பதே என் கருத்து.

இன்னொன்று. 7 வாரத்தில் வந்து, “குழந்தை இதயத் துடிப்பைச் சத்தமாக வையுங்கள்” என்று ஆசையாகக் கேட்பார்கள். நான் வைப்பதில்லை. துடிப்பு மினுக்குவதைத் திரையில் காட்டுவேன். டாப்ளர் ஒலிக்கற்றை ஒரே இடத்தில் குவிவதால் திசு சூடாகும் வாய்ப்பு சாதாரண ஸ்கேனைவிட அதிகம். அதனால் ஆரம்ப வாரங்களில் தேவையின்றி அதைப் பயன்படுத்தக் கூடாது என்பது நெறிமுறை. இளம் மருத்துவர்கள் திரையில் வெப்பக் குறியீடு 1-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 3: தயாராவது

வயிற்றின் மேல் வைத்துப் பார்ப்பதானால், கர்ப்பம் இல்லாதவர்களுக்குச் சிறுநீர்ப்பை நிறைந்திருக்க வேண்டும். மூன்று நான்கு டம்ளர் தண்ணீர் குடித்து ஒரு மணி நேரம் அடக்க வேண்டும். வீட்டிலேயே குடித்துவிட்டு, திருவொற்றியூரிலிருந்து டி.எச். ரோடு வழியாக ஆட்டோவில் குலுங்கி வருவது பெரிய வேதனை. ஸ்கேன் சென்டருக்கு வந்து, டோக்கன் எண்ணைப் பார்த்துவிட்டு அப்புறம் குடியுங்கள்.

உள்வழியாகப் பார்ப்பதானால் நேர்மாறு: சிறுநீர் கழித்துவிட்டு வர வேண்டும். விரல் பருமனைவிடச் சற்றுக் கூடுதலான ப்ரோபுக்குப் புது உறை மாட்டி, ஜெல் தடவி, யோனிக்குள் சிறிது தூரம் மட்டும் செலுத்துவார்கள். கர்ப்பப்பைக்கு மிக அருகில் இருப்பதால் படம் தெளிவாக வரும். ரப்பர் ஒவ்வாமை இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். அறைக்குள் ஒரு பெண் உதவியாளர் இருக்க வேண்டும் என்று கேட்பதும், வேண்டாம் என்று மறுப்பதும், நடுவில் நிறுத்தச் சொல்வதும் உங்கள் உரிமை. கல்யாணம் ஆகாத பெண்களுக்குப் பொதுவாக வயிற்றின் மேல்தான் பார்ப்போம்.

கர்ப்பிணிகள் தாய் சேய் நல அட்டை, பிக்மி எண் (அரசில் கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போது தரும் எண்), பழைய ஸ்கேன் ரிப்போர்ட் எல்லாவற்றையும் கொண்டு வாருங்கள். மிக முக்கியம், முதல் மூன்று மாதத்து ஸ்கேன். வாரக் கணக்கு அதில்தான் சரியாக இருக்கும். வாரம் தப்பினால் டாப்ளர் எண்ணுக்கு அர்த்தமே மாறிவிடும்.

கர்ப்பகால ஸ்கேன் எதுவானாலும் படிவம் எஃப் என்ற அரசுப் படிவத்தை நிரப்ப வேண்டும். குழந்தை ஆணா பெண்ணா என்று கேட்காதீர்கள். பாலினத் தேர்வைத் தடுக்கும் 1994-ம் ஆண்டுச் சட்டப்படி சொல்வதும் குற்றம், கேட்டு வருவதும் குற்றம், இரண்டுக்கும் சிறைத் தண்டனை உண்டு. தொப்புள்கொடியைத் தேடும்போது திரையை வேறு பக்கம் திருப்பினால் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

படி 4: கலரை நம்பி முடிவெடுக்காதீர்கள்

போன வருஷம் காசிமேட்டிலிருந்து ஒரு அம்மா, 32 வாரக் கர்ப்பிணியான மருமகளைக் கூட்டி வந்தார். விடியற்காலையில் ஏலத்தில் மீன் எடுத்துக் கடை போட்டுவிட்டு நேரே வந்திருக்கிறார். ஜெல் வைத்து, திரையில் தொப்புள்கொடியின் மேல் கலர் பெட்டியை நகர்த்தியதும் அவர் முகம் மாறிவிட்டது. “இன்னா டாக்டரம்மா, செவப்பா கீது? உள்ள ரத்தம் கசியுதா?”

கசிவு இல்லை. சிவப்பு என்றால் ப்ரோபை நோக்கி வரும் ஓட்டம். நீலம் என்றால் ப்ரோபை விட்டு விலகும் ஓட்டம். நல்ல ரத்தம், கெட்ட ரத்தம் என்று எதுவும் இல்லை. தமனி சிவப்பு, சிரை நீலம் என்பதும் தப்பு. ப்ரோபைத் திருப்பிப் பிடித்தால் அதே குழாய் நீலமாகிவிடும். அந்த அம்மாவுக்கு முன்னால் திருப்பிக் காட்டினேன். அப்புறம் சத்தத்தைக் கூட்டினேன். தமனியின் துடிப்பும், அடியில் சிரையின் ஓயாத இரைச்சலும் சேர்ந்து வந்தன. கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுச் சொன்னார்: “கல்லு மேல அலை அடிக்கிற மாரி கீது.” அதற்குமேல் நான் விளக்க என்ன இருக்கிறது?

கலர், குழாய் எங்கே இருக்கிறது என்று காட்டும் வழிகாட்டி மட்டும். மெஷினை எப்படி வைத்திருக்கிறோமோ அப்படித்தான் கலரும் வரும். சினைப்பை போன்ற மெதுவான ஓட்டத்துக்கு, வேக அளவைக் (மெஷின் நொடிக்கு எத்தனை ஒலித் துடிப்பு அனுப்புகிறது என்பதை) கீழே இறக்க வேண்டும், 0.3 முதல் 0.6 கிலோஹெர்ட்ஸ். உயர்த்தி வைத்தால் உயிரோடு இருக்கும் சினைப்பையும் செத்தது போலத் தெரியும். கெய்னை, அதாவது திரும்பி வரும் ஒலியைப் பெருக்கும் அளவை, ஏற்றினால் ஓட்டமே இல்லாத இடத்திலும் புள்ளிகள் சிதறும். புள்ளிகள் மறையும் வரை இறக்கி, அங்கே நிறுத்துங்கள்.

படி 5: அலையைப் படிப்பது

ரத்தத்தின் வேகம் ஏறி இறங்குவதைத் திரையில் அலை போல ஒரு கோடு காட்டும். உண்மையான தகவல் இருப்பது இங்கேதான். வடசென்னையில் அடிபம்பு தெரியாதவர்கள் இருக்க மாட்டார்கள். கைப்பிடியை அழுத்தும்போது தண்ணீர் பாய்கிறது. மேலே தூக்கும்போது குறைகிறது. நல்ல பம்பில் தூக்கும் நேரத்திலும் தண்ணீர் வந்துகொண்டே இருக்கும். ஒன்றிரண்டு அடிக்கு நடுவில் வறண்டு போனால் எங்கோ கோளாறு.

இதயம் சுருங்குவது கைப்பிடியை அழுத்துவது மாதிரி. அலையில் உயர்ந்த முனை அது. இதயம் ஓய்வெடுக்கும் கடைசி நொடி, அலையின் தாழ்ந்த இடம். குழந்தைக்கும் கர்ப்பப்பைக்கும் அந்த ஓய்வு நொடியிலும் ரத்தம் ஓடியாக வேண்டும். ஓடினால் எதிரே உள்ள குழாய்கள் திறந்திருக்கின்றன. ஓட்டம் குறைந்தால் தடை கூடுகிறது.

இதைத்தான் எண்ணாகச் சொல்கிறோம். உச்ச வேகம் நொடிக்கு 60 செ.மீ., ஓய்வு வேகம் 20, சராசரி 32 என்று வைத்துக்கொள்ளுங்கள். எஸ்/டி என்பது 60-ஐ 20-ஆல் வகுத்தது, 3. ஆர்.ஐ. (தடைக் குறியீடு) என்பது வித்தியாசமான 40-ஐ 60-ஆல் வகுத்தது, 0.67. பி.ஐ. (துடிப்புக் குறியீடு) என்பது அதே 40-ஐ சராசரியான 32-ஆல் வகுத்தது, 1.25. மூன்றும் விகிதங்கள். கோணம் கொஞ்சம் தவறினாலும் எல்லா வேகமும் ஒரே அளவில் குறையும், விகிதம் மாறாது. ஓய்வில் ஓட்டம் நின்றுவிட்டால் எஸ்/டி கணக்கே வராது, பி.ஐ. வரும். அதனால் பி.ஐ.-யைத்தான் நான் நம்புகிறேன்.

இளம் மருத்துவர்களுக்குக் கைமுறை. 11 முதல் 13 வாரத்தில் கர்ப்பப்பை வாயின் நீளவாட்டுப் படத்தை எடுங்கள். உள்வாய் மட்டத்தில் ப்ரோபை ஒரு பக்கமாகச் சாயுங்கள். கர்ப்பப்பை விளிம்பில் ஏறும் தமனி கலரில் தெரியும். அளவுப் பெட்டி 2 மி.மீ., கோணம் 30 டிகிரிக்குள், உச்ச வேகம் நொடிக்கு 60 செ.மீ.க்கு மேல் வர வேண்டும். அதற்குக் குறைந்தால் பக்கத்தில் இருக்கும் வேறு கிளையைப் பிடித்திருக்கலாம். 20 வாரத்துக்கு மேல், அடிவயிற்றின் ஓரத்தில் ப்ரோபை வைத்து உள்நோக்கிச் சாய்த்தால், இடுப்பின் வெளித் தமனியைக் கர்ப்பப்பைத் தமனி குறுக்கே தாண்டுவது போலத் தெரியும். தாண்டிய இடத்திலிருந்து 1 செ.மீ. தள்ளி அளவெடுங்கள். ஒரே மாதிரியான அலைகள் மூன்றாவது வரட்டும். பிறகு மறுபக்கம். இரண்டின் சராசரியை எழுதுங்கள். குழந்தை அசையும்போதும் மூச்சசைவு இருக்கும்போதும் தொப்புள்கொடியை அளக்காதீர்கள். மூளைத் தமனியைப் பார்க்கும்போது குழந்தையின் தலையை அழுத்தாதீர்கள்.

படி 6: கர்ப்பத்தில் எந்த எண் என்ன சொல்கிறது

11 முதல் 13 வாரத்தில் கர்ப்பப்பைத் தமனியின் சராசரி பி.ஐ. சுமார் 2.35-க்கு மேல் இருந்தால் உயர்வு என்கிறோம். அதை மட்டும் வைத்து யாரையும் பயமுறுத்தக் கூடாது. தாயின் வயது, எடை, ரத்த அழுத்தம், முந்தைய கர்ப்ப வரலாறு எல்லாம் சேர்த்துத்தான் ஆபத்தைக் கணக்கிட வேண்டும். ஆபத்து அதிகம் என்று வந்தால், இரவில் 150 மி.கி. ஆஸ்பிரின், 16 வாரத்துக்கு முன்பே தொடங்குவதால் முன்கூட்டியே வரும் கர்ப்பகால ரத்த அழுத்த நோய் நன்றாகக் குறைகிறது என்று 2017-ல் வெளியான பெரிய ஆய்வு காட்டியது. மருத்துவர் சொல்லாமல் மெடிக்கலில் வாங்கிச் சாப்பிடாதீர்கள்.

கர்ப்பப்பைத் தமனியின் அலையில் முனைக்குப் பிறகு ஒரு சின்னப் பள்ளம் இருக்கும். ரிப்போர்ட்டில் ‘நாட்ச்’ என்று எழுதுவார்கள். கர்ப்பத்தின் தொடக்கத்தில் அது சாதாரணம். 24 வாரத்துக்குப் பிறகும் இரண்டு பக்கமும் இருந்தால் கவனமாகத் தொடர வேண்டும்.

குழந்தை வளர்ச்சி குறைவு என்றால் தொப்புள்கொடித் தமனியைப் பார்ப்போம். ஓய்வு நொடியில் ஓட்டம் ‘இல்லை’ என்றோ, ‘பின்னோக்கி’ என்றோ எழுதியிருந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். நாளைக்கு நல்ல நாள் என்று காத்திருக்க வேண்டாம். ராயபுரத்திலேயே அரசு ராஜா சர் ராமசாமி முதலியார் மகப்பேறு மருத்துவமனை இருக்கிறது. எப்போது பிரசவம் என்பதை வாரம், எடை, மற்றக் குழாய்களின் ஓட்டம் எல்லாம் பார்த்து அங்கே முடிவு செய்வார்கள்.

அடுத்து மூளைத் தமனி. குழந்தைக்குப் பிராணவாயு குறைந்தால், உடம்பு மற்ற இடங்களைக் குறைத்து மூளைக்கு ரத்தத்தைத் திருப்பும். அதனால் மூளைத் தமனியின் பி.ஐ. குறைந்தால் அது நல்ல செய்தி அல்ல. 34 வாரத்துக்கு மேல் தொப்புள்கொடி எண் சரியாக இருந்தும் மூளைத் தமனி மட்டும் மாறியிருப்பதுண்டு. கடைசி மாதங்களில் ஒன்றை மட்டும் பார்த்து ‘நார்மல்’ என்று முடிப்பது எனக்கு உடன்பாடில்லை. அதே தமனியில் உச்ச வேகம், அந்த வாரத்துக்கான நடுமதிப்பைப் போல 1.5 மடங்கைத் தாண்டினால் குழந்தைக்கு ரத்தசோகை இருக்கலாம். நெகட்டிவ் ரத்த வகைத் தாய்மார்களுக்கு இது முக்கியம்.

முன்பு சிசேரியன் ஆனவர்களுக்கு நஞ்சுக்கொடி கீழே, பழைய தையலின் மேல் அமர்ந்திருந்தால், அது கர்ப்பப்பைச் சுவருக்குள் வேர்விட்டிருக்கிறதா என்று கலரில் பார்க்க வேண்டும். சிறுநீர்ப்பையை நோக்கிக் குழாய்கள் பாலம் போட்டது போல ஓடினால், பெரிய மருத்துவமனையில், ரத்தம் தயாராக வைத்துத்தான் பிரசவம்.

ஒரு விஷயத்தை ஒவ்வொருவரிடமும் சொல்லி அனுப்புகிறேன்: டாப்ளர் நார்மல் என்பது அன்றைய நிலவரம். குழந்தை அசைவு குறைந்தால் நேற்றைய ரிப்போர்ட்டைப் பார்த்து ஆறுதல் அடையாதீர்கள், உடனே போங்கள்.

படி 7: கர்ப்பம் இல்லாதபோது

ஃபைப்ராய்டு கட்டி என்றால் ரத்தக் குழாய்கள் கட்டியைச் சுற்றி வளையமாக ஓடும். அடினோமயோசிஸ் (உள்சவ்வு கர்ப்பப்பையின் தசைச் சுவருக்குள் வளர்வது) என்றால் குழாய்கள் வீங்கிய சுவரை ஊடுருவிப் போகும். உள்சவ்வில் பாலிப் (சின்னச் சதை வளர்ச்சி) இருந்தால் ஒரே ஒரு குழாய் அதன் காம்புக்குள் நுழைவது தெரியும். சினைப்பைக் கட்டியில் ரத்த ஓட்டத்துக்கு 1 முதல் 4 வரை மதிப்பெண் போடுவோம். 4 என்றால் மிக அதிக ஓட்டம்; அதுவே புற்றுநோய் என்று அர்த்தமாகாது.

சினைப்பை தன் காம்பில் சுற்றிக்கொள்ளும் முறுக்கைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். நான் தொழிலுக்கு வந்த புதிதில், வியாசர்பாடியிலிருந்து 19 வயதுப் பெண் ஒருத்தி வந்தாள். வலது அடிவயிற்றில் வலி, வாந்தி. உட்காரவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. வலது சினைப்பை இடதைப் போல மூன்று மடங்கு பெரியது. நீர்முட்டைகள் (முட்டை வளரும் சின்ன நீர்ப்பைகள்) ஓரத்துக்குத் தள்ளப்பட்டிருந்தன. கலரில் பார்த்தேன், ஓட்டம் இருந்தது. ‘ஓட்டம் இருக்கிறது, முறுக்கு இல்லை’ என்று எழுதக் கை போனது. மூத்த மகப்பேறு மருத்துவரைப் போனில் அழைத்தேன். “வலி எப்படி இருக்கு, அதச் சொல்லு” என்றார். சொன்னேன். அன்று இரவே அறுவை. சினைப்பை இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தது. பிரித்துவிட்டதும் நிறம் திரும்பியது, எடுக்க வேண்டியிருக்கவில்லை.

சினைப்பைக்கு இரண்டு வழியாக ரத்தம் வருகிறது என்று முதலில் சொன்னேன் அல்லவா? முறுக்கு இருந்தாலும் தமனி ஓட்டம் சில நேரம் தெரியும். சிரைதான் முதலில் அடைபடும். அதனால் பெரிதான சினைப்பை, காம்பில் சுழல் போலச் சுற்றிய குழாய்கள், திடீர் வலி இவை இருந்தால், கலர் என்ன சொன்னாலும் முறுக்கு இல்லை என்று எழுதாதீர்கள். வீட்டில் இருப்பவர்களுக்கும் இதேதான். ஸ்கேன் நார்மல் என்று வந்த பிறகும் மகள் துடித்துக்கொண்டிருந்தால், சூட்டு வலி என்று வெந்தயம் கொடுத்துப் படுக்க வைக்காதீர்கள்.

படி 8: ரிப்போர்ட்டைக் கையில் வாங்கியதும்

சென்டரை விட்டு வெளியே வருமுன் சரிபாருங்கள்: பெயர், வயது, கடைசி மாதவிடாய்த் தேதி அல்லது முதல் ஸ்கேன்படி வாரம், எந்தக் குழாய், எந்தப் பக்கம், எண், அந்த எண் அந்த வாரத்துக்குச் சரியா என்ற ஒரு வரி. வெறும் எண் மட்டும் இருந்தால் “இது என் வாரத்துக்கு நார்மலா?” என்று கேளுங்கள். கூகுளில் வேறு வாரத்து எண்ணோடு ஒப்பிட்டு இரவெல்லாம் அழுத பெண்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு நாள் எண்ணைவிட, இரண்டு வாரத்து எண்கள் போகும் திசைதான் பேசும். முடிந்தவரை ஒரே இடத்தில், ஒரே மருத்துவரிடம் மறு ஸ்கேன் பாருங்கள்.

கூடவே தரும் பளபளப்பான சின்னப் படங்கள் வெப்பத்தாளில் அச்சானவை. பீரோ மேலே, பூஜை அறை விளக்குப் பக்கத்தில் வைத்தால் மங்கிப்போகும். லேமினேஷன் கடையில் கொடுத்தால் சூட்டில் முழுக்கக் கறுத்துவிடும். அப்படிக் கறுத்த படத்தோடு வந்து கண்கலங்கியவர்கள் உண்டு. வாங்கிய அன்றே போனில் படம் எடுத்து, வீட்டில் இன்னொருவருக்கும் அனுப்பி வையுங்கள்.